சருகும் கரியும் சேர்ந்தால்...

மாலை மங்கும் நேரம். தெருவில் வீடுதோறும் முற்றம் பெருக்கியாயிற்று. வேப்பஞ்சருகும் மாவிலையும் வாசலோரத்தில் சிறு குன்றுகளாய்க் குவிந்து கிடக்கின்றன. அடுத்து நிகழ்வது என்ன? ஒரு தீக்குச்சி! சிறிது நேரத்தில் தெரு முழுவதும் வெண்புகை படர்கிறது. 'குப்பை ஒழிந்தது' என்ற நிறைவோடு நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இக்கட்டுரையை எழுதுபவனும் பல்லாண்டுகளாக அவ்வாறே செய்து வந்தவன்தான். வீட்டின் பின்புறம் இரண்டு மாமரம், ஒரு வேம்பு, நான்கு தென்னை. உதிர்வதற்குக் குறைவில்லை, கொளுத்துவதற்கும் குறைவில்லை. ஒருநாள் அடுத்த வீட்டு மருமகள் மதிலோரம் வந்து நின்றார். "ஐயா, தவறாக எண்ண வேண்டாம். அத்தைக்கு இரவெல்லாம் மூச்சிரைப்பு. புகை வந்தால் சன்னலைச் சாத்துகிறோம், சாத்தினால் புழுக்கத்தில் அவர்களால் படுக்க முடியவில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே என்னைக் குத்தியது. நான் செலவிடுவது ஒரு தீக்குச்சி. அதற்கு விலை கொடுப்பவரோ எழுபது வயதைக் கடந்த ஒரு தாய்!

இலைச்சருகின் புகை வெறும் புகையன்று. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் முதியோரையும் அது முதலில் தாக்குகிறது. திறந்த வெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் தண்டம் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆனால் தண்டத்துக்கு அஞ்சியா நாம் திருந்த வேண்டும்? மதிலுக்கு அப்பால் இருமும் குரல் போதாதா?

முதல் முயற்சியும் முதல் தோல்வியும்

அன்று முதல் கொளுத்துவதை நிறுத்தினேன். தோட்டத்து மூலையில் சருகைக் குவித்தேன். வெட்டிய புல், சமையலறைக் கழிவு, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கோழி எரு ஆகியவற்றையும் அதன்மேல் கொட்டினேன். 'மட்கி உரமாகிவிடும்' என்று எண்ணினேன். பத்தாம் நாள் குவியலைக் கிளறியபோது கண்ணைக் கரிக்கும் நெடி எழுந்தது. ஈக்கள் மொய்த்தன. புகையை நிறுத்தி நாற்றத்தைத் தொடங்கியவன் ஆனேன்!

விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள் வேளாண்மை பயின்றவள். குவியலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "மாமா, உங்கள் உரம் ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது" என்று சிரித்தாள். "இந்த நெடி அம்மோனியா. செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்து ஆவியாகிப் போகிறது. காற்றோட்டமும் இல்லை. கொஞ்சம் கரித்தூள் கலந்து பாருங்கள்" என்றாள்.

கரியா? குப்பையில் கரி எதற்கு? அவள் சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தும் செய்தும் அறிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரி வேறு, சாம்பல் வேறு

விறகு தாராளமான காற்றில் எரிந்தால் எஞ்சுவது சாம்பல். போதிய காற்றின்றி வெந்தால் எஞ்சுவது கரி. முன்னது மரத்திலுள்ள தாது உப்புகளின் எச்சம். பின்னது மரத்தின் கார்பன் சட்டமே அப்படியே நிற்பது. ஏறத்தாழ 350 முதல் 700 செல்சியஸ் பாகை வெப்பத்தில், காற்று குறைந்த நிலையில், தாவரப் பொருளை வேகவைத்து மண்ணுக்கென்று ஆக்கும் கரியை 'பயோசார்' என்பர். தமிழில் 'உயிர்க்கரி' என்று வழங்குகிறது.

பெயர் புதிது, பொருள் பழையது. விறகடுப்பில் சமையல் முடிந்ததும் நம் பாட்டிமார் தணலின்மேல் நீர் தெளித்து அணைத்து, அடுப்புக்கரியைச் சட்டியில் சேர்த்து வைத்தனர் அன்றோ? கும்மட்டி அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பயன்பட்ட அதே கரிதான் இதுவும்.

இங்கே இரண்டு தவறுகள் நேரக்கூடும். சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் நிலக்கரி இதற்கு ஆகாது. அது வேறு பொருள். பசையோ எளிதில் தீப்பற்றும் மருந்தோ கலந்து அச்சில் வார்த்து விற்கும் கரிக்கட்டிகளும் ஆகா. தூய விறகுக்கரி, கொட்டாங்கச்சிக் கரி ஆகியவையே ஏற்றவை.

அமேசான் கரையில் ஒரு கரிய மண்

தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு மண் பெரும்பாலும் சத்தற்றது. மிகுந்த மழை சத்துகளைக் கரைத்துச் சென்றுவிடும். ஆயினும் அக்காட்டினூடே ஆங்காங்கே கன்னங்கரிய, செழித்த மண் திட்டுகள் காணப்படுகின்றன. போர்த்துக்கீசிய மொழியில் அதற்குத் 'தெர்ரா பிரேத்தா' என்று பெயர். 'கரிய மண்' என்பது பொருள். சில இடங்களில் 2 மீட்டர் ஆழம்வரை அம்மண் உள்ளது. அதைத் தோண்டியவர்கள் கண்டவை யாவை? கரித்துண்டுகள், உடைந்த பானை ஓடுகள், மீன் முட்கள், எலும்புகள்! ஐரோப்பியர் வருமுன் அங்கு வாழ்ந்த மக்களின் வீட்டுக் குப்பையும் அடுப்புக்கரியும் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றாய்க் கலந்து உண்டான மண் அது. இன்றும் உழவர்கள் அதைத் தேடிப் பயிரிடுகின்றனர்.

இதில் நம் வாசகர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. 1541-42-இல் ஒரெல்லானா என்ற ஸ்பானியத் தளபதியின் குழுவினர் அமேசான் ஆற்றின் வழியே கடல்வரை சென்றனர். அவர்களுடன் சென்ற தொமினிக்கன் சபைத் துறவி காஸ்பார் தெ கார்வகால் அப்பயணத்தை எழுதி வைத்தார். ஆற்றங்கரையில் மக்கள் நெருங்கி வாழும் பெரிய ஊர்களைக் கண்டதாக அவர் குறித்தார். பிற்காலத்தில் சென்றவர்கள் அத்தகைய ஊர்களைக் காணவில்லை. அதனால் துறவியார் மிகைப்படுத்திவிட்டார் என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். அந்த மக்களை அயல்நாட்டு நோய்கள் பெரிதும் அழித்திருந்தன. டச்சு நாட்டு மண்ணியல் அறிஞர் விம் சோம்புரூக் 1966-இல் அமேசான் மண்வகைகளைப் பற்றி நூல் வெளியிட்ட பின்னர், கரிய மண்ணின்பால் உலகின் கவனம் திரும்பியது. அந்தத் துறவி கண்ட மக்கள் கூட்டத்துக்குச் சான்றாக மண்ணே எழுந்து நின்றது எனலாம்.

நம் நாட்டுக் கரிசல் நிலமும் இப்படி வந்ததோ எனச் சிலர் கேட்கக்கூடும். இல்லை. கரிசலின் கருமை அதன் களிமண்ணாலும் மட்காலும் வந்தது, கரியால் வந்ததன்று.

குவியலுக்குள் நிகழ்வது என்ன?

நம் நாட்டில் மட்கு உரத்துக்கு அறிவியல் முறை வகுத்தவர்களுள் ஆல்பர்ட் ஹோவர்டு முதன்மையானவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி, யஷ்வந்த் வாட் என்பவருடன் இணைந்து அவர் உருவாக்கியதே 'இந்தூர் முறை'. காய்ந்த பொருளும் பசுமைப் பொருளும் சாணமும் அளவாய் அடுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் தழைச்சத்து 1 பங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. சருகில் கார்பன் மிகுதி. பசும்புல்லிலும் சாணத்திலும் கோழி எருவிலும் தழைச்சத்து மிகுதி.

நுண்ணுயிர்கள் உண்ணும்போது குவியல் சூடாகிறது. நன்கு அமைந்த குவியலின் நடுவில் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அந்தச் சூட்டில் மடிகின்றன. ஆனால் அதே சூட்டில், மிகுதியாயுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகிப் பறந்தும் விடுகிறது. என் குவியலின் நெடிக்குக் காரணம் இதுவே.

கரி இங்கே மூன்று வகையில் உதவுகிறது.

முதலாவது, கரித்துண்டு முழுவதும் நுண்துளைகள். விறகுக்கரியின் ஒரே கிராமில் உள்ள துளைச் சுவர்களை விரித்தால் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு கிடைக்கக்கூடும். அத்துளைகளில் நீரும் காற்றும் தங்குகின்றன. குவியல் இறுகாமல் நுண்ணுயிர்கள் மூச்சு விடுகின்றன. காற்று உள்ளவிடத்தில் அழுகல் நாற்றம் குறைகிறது. மீத்தேன் வாயுவும் குறைகிறது.

இரண்டாவது, கரியின் பரப்பு அம்மோனியாவைப் பற்றிக்கொள்கிறது. பறக்கவிருந்த சத்து குவியலிலேயே தங்குகிறது.

மூன்றாவது, கரியே மாற்றமடைகிறது. மட்கும் பொருள்களிலிருந்து கசியும் கரிமச் சாறு அதன் துளைகளுக்குள் மெல்லிய பூச்சாகப் படிகிறது என 2017-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அந்தப் பூச்சே நீரையும் சத்தையும் பிடித்துவைக்கிறது. மட்கு உரக் குவியலில் ஊறிய கரி நைட்ரேட்டு என்னும் சத்தை மிகுதியாகத் தேக்கி வைத்திருந்ததை 2015-இல் செருமானிய ஆய்வாளர் கண்டனர். சத்தற்ற மணலில் வளர்த்த கினோவாச் செடிகள், வெறுங்கரி இட்ட தொட்டியில் குன்றின. உரத்தில் ஊறிய கரி இட்ட தொட்டியிலோ ஏறத்தாழ 3 மடங்கு செழித்தன.

வெறுங்கரி இடலாகாது

இந்தப் பாடத்தை நான் என் அவரைப் பாத்தியில் கற்றேன். மருமகள் சொன்னதைப் பாதி கேட்டு, 'குவியலில் ஏன் இட வேண்டும்? நேரே மண்ணில் இட்டால் என்ன?' என்று ஒரு பாத்தியில் கரித்தூளைக் கொத்திவிட்டேன். இரண்டு வாரத்தில் இலைகள் வெளிறின. துளைகள் காலியாக உள்ள புதுக்கரி, மண்ணிலுள்ள சத்தை முதலில் தானே உண்ணுகிறது. பசித்தவன் பந்தியில் பிறருக்குப் பரிமாறுவானா? முதலில் அவனுக்கு உணவிட வேண்டும். அந்த உணவு மட்கு உரக் குவியலில்தான் கிடைக்கிறது.

எல்லா மண்ணுக்கும் இது ஒரே அளவில் பயன் தருவதும் இல்லை. உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017-இல் அறிஞர்கள் வெளியிட்ட முடிவு இது: வெப்ப நாடுகளில் உயிர்க்கரி விளைச்சலைச் சராசரியாக 25 விழுக்காடு கூட்டியது, குளிர் நாடுகளிலோ சராசரியில் பயனில்லை. வெப்ப நாடுகளின் புளிப்பு மண்ணைக் கரியின் காரத்தன்மை சமன் செய்வது இதற்கு ஒரு காரணம். நீலகிரியிலும் குமரி மாவட்டத்துச் செம்புறை மண்ணிலும் இந்த நன்மையை எதிர்பார்க்கலாம். களர் நிலத்திலும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் கரியைக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும்; சாம்பலை அறவே தவிர்க்க வேண்டும்.

கரியை எங்கே பெறுவது?

சீமைக் கருவேல மரத்தைக் கொண்டு இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் மூட்டம் போட்டுக் கரி எடுப்பதை நாம் அறிவோம். அக்கரி மூட்டைகளின் அடியில் தங்கும் தூளும் சிறு துண்டும் அடுப்புக்கு உதவா. கரிக்கடையில் கேட்டால் அவை மலிவாகவே கிடைக்கும். புகை பற்றிய முறையீட்டால் தொடங்கிய நான், மீண்டும் தீ மூட்டலாகாது என்று இவ்வழியையே தேர்ந்தேன். நகர்ப்புற இல்லங்களுக்கும் இதுவே தக்கது.

கிராமத்தில் இடவசதி உள்ளவர்கள், கவாத்துச் செய்த சுள்ளிகளையும் கொட்டாங்கச்சியையும் கொண்டு தாமே கரி செய்யலாம். மேலே 3 அடி அகலமும் கீழே குறுகியுமாக 2 அடி ஆழத்தில் கூம்பு வடிவக் குழி வெட்டுக. அடியில் உலர்ந்த சுள்ளிகளை மூட்டுக. மேல் அடுக்கில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை இடுக. மேலே எரியும் சுவாலை காற்றைத் தானே உட்கொண்டு, கீழுள்ள கரியைச் சாம்பலாகாமல் காக்கும்; புகையையும் பெரும்பகுதி எரித்துவிடும். குழி நிறைந்ததும் ஏழெட்டு வாளித் தண்ணீர் ஊற்றி முற்றிலும் அணைக்க வேண்டும். நன்கு உலர்ந்த சுள்ளியே இதற்கு ஏற்றது. ஈரமான தழையும் இலையும் இட்டால் புகைதான் மிஞ்சும். நெகிழிப்பை, சாயம் பூசிய மரப்பலகை ஆகியவற்றை ஒருபோதும் இடாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரி மீண்டும் கனலக்கூடும். மறுநாள் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பின்னரே சாக்கில் கட்ட வேண்டும்.

இதற்காக நல்ல மரத்தை வெட்டுவது பெருந்தவறு. உதிர்ந்ததும் கழித்ததும் மட்டுமே கரியாகலாம். மண்ணை வளமாக்கவென்று மரத்தை அழிப்பது, பிள்ளையின் பாலை விற்றுத் தொட்டில் வாங்குவதை ஒக்கும்.

குவியல் அமைக்கும் முறை

1. கரியை நனைத்து, சாக்கில் இட்டு, கட்டையால் தட்டி நொறுக்குக. அரிசி முதல் கொண்டைக்கடலை வரையான அளவு போதும். உலர்ந்த கரியை இடித்தால் தூள் நெஞ்சில் சேரும். மூக்கைத் துணியால் மூடிக்கொள்க.

2. நொறுக்கிய கரியைச் சாணக் கரைசலில் ஒருநாள் ஊறவைக்க.

3. நிழலான இடத்தில் 4 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள இடத்தில், காற்றுப் புக ஒரு வரிசைச் சுள்ளிகளைப் பரப்புக.

4. அதன்மேல் அரையடி சருகு, பின்னர் இரண்டு மூன்று விரற்கடை பசும்புல், தழை அல்லது காய்கறிக் கழிவு, அதன்மேல் சாணக் கரைசல், அதன்மேல் கரி. பசுமைப் பொருளை ஒட்டியே கரி இருக்க வேண்டும். அம்மோனியா பிறக்கும் இடம் அதுவே. 15 கூடைக் குப்பைக்கு 1 கூடைக் கரி போதும். பத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்ட வேண்டாம்.

5. இவ்வாறு நான்கடி உயரம்வரை அடுக்குக. கையில் எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு துளி நீர் சொட்டும் அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். மழையில் ஓலையோ சாக்கோ கொண்டு மூடுக.

6. நான்காம் நாள் கடப்பாரையை நடுவில் செருகிச் சற்று நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் குவியல் உயிரோடிருக்கிறது என்று பொருள். 10 அல்லது 15 நாளுக்கு ஒருமுறை புரட்டிவிடுக.

மூன்று நான்கு மாதங்களில் சருகின் உருவம் மறைந்து, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். கரி மட்டும் கரியாகவே இருக்கும். அது கேடன்று, அதுவே அதன் சிறப்பு. மட்கு உரம் மண்ணில் சில ஆண்டுகளில் கரைந்துபோகும். கரியின் பெரும்பகுதியோ நூற்றாண்டுகள் நிலைக்கும். ஒரு கிலோ நல்ல கரியில் உள்ள கார்பன் காற்றில் கலந்திருந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயுவாகியிருக்கும். வளிமண்டலத்திலிருந்து அவ்வாயுவை அகற்றும் வழிகளுள் ஒன்றாக உயிர்க்கரியையும், ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாற்றக் குழு 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. நம் தோட்டத்து ஒரு கூடைக் கரியால் உலகம் குளிர்ந்துவிடாது. ஆனால் நாம் இட்ட கரி நம் பேரர் காலத்திலும் மண்ணில் வேலை செய்துகொண்டிருக்கும்.

மதிலுக்கு அப்பால்

என் இரண்டாம் குவியலில் நெடி எழவில்லை. ஆடியில் அடுக்கியதைக் கார்த்திகையில் சலித்தேன். கத்தரிக்கும் அவரைக்கும் இட்டது போக இரண்டு கூடை மிஞ்சியது. ஒன்றை மதிலுக்கு அப்பால் நீட்டினேன். "அத்தையின் மல்லிகைக்கு இடுங்கள், அம்மா" என்றேன்.

மறு வாரம் அந்தத் தாயே மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு மதிலோரம் வந்தார். கூடையைத் திருப்பிக் கொடுத்தார். அதனுள் அவர் வீட்டு முற்றத்தில் பெருக்கிய வேப்பஞ்சருகு நிறைந்திருந்தது. "இதையும் உங்கள் குழியில் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி. எங்கள் வீட்டிலும் இனிக் கொளுத்துவதில்லை" என்றார். மூச்சிரைப்பு அவருக்கு முற்றிலும் நீங்கிவிடவில்லை. முதுமையின் நோய் அது. ஆனால் இரவில் சன்னல் திறந்திருக்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் வீட்டுக் கொல்லையிலும், கோயில் வளாகத்திலும், பள்ளி மைதானத்திலும் இன்று மாலை சருகு உதிரத்தான் போகிறது. கையில் தீப்பெட்டியை எடுக்குமுன் மதிலுக்கு அப்பால் யார் இருக்கிறார் என்று ஒருகணம் எண்ணுங்கள். பின்னர் மண்வெட்டியை எடுங்கள்.